மரை நல்லதா? வெட்டும்போதே தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பைக் கழற்றிப் பூட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். போல்ட் நன்றாக இறுகிக்கொண்டு வரும். கடைசித் திருப்பில் சட்டென்று இளகிவிடும். மரை, அதாவது போல்ட்டைப் பிடித்துவைக்கும் சுருள் பற்கள், உரிந்துவிட்டது. உடனே போல்ட்டைத் திட்டுவோம். பல நேரம் குறை போல்ட்டில் இல்லை, அது ஏறிய துளைக்குள் வெட்டிய மரையில்தான்.

உள் மரை வெட்டுவது பெரும்பாலும் ஒரு பாகத்துக்குச் செய்கிற கடைசி வேலை. கடைந்து, துளைத்து, எல்லாம் முடிந்தபிறகுதான் துளைக்குள் மரை வெட்டும் கருவியான டப் இறங்கும். அங்கே டப் உடைந்து சிக்கிக்கொண்டால் அதுவரை பட்ட பாடு முழுக்க வீண். அதனால்தான் மரையின் தரத்தை வெட்டும்போதே கணிக்கும் வழியை ஆய்வாளர்கள் தேடினார்கள். அவர்கள் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது முறுக்குவிசையை, அதாவது டப்பைத் திருப்பத் தேவைப்படும் பலத்தை.

கையால் டப் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. டப்பின் நுனியில் உள்ள சரிவான பற்கள் ஒவ்வொன்றாக இறங்கும்போது கைப்பிடி இறுகும். அவை முழுதும் உள்ளே போனபின் இறுக்கம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் வெட்டுப்பட்ட உலோகச் சீவல் அடைக்கிறது என்று அர்த்தம். உடனே அரைச் சுற்றுப் பின்னால் திருப்பிச் சீவலை முறிப்போம். தொடக்கத்திலிருந்தே இறுக்கம் அதிகமென்றால் டப் மழுங்கியிருக்கலாம். சிஎன்சி என்கிற கணினி இயக்கும் இயந்திரத்தில் இதே வேலையை முறுக்கை அளக்கும் உணரி செய்கிறது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்தும் மதிப்பிடலாம். நல்ல மரை வந்த துளைகளின் முறுக்கு வரைபுகளைக் கணினிக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த துளை அவற்றிலிருந்து விலகும்போது அது எச்சரிக்கும். ஆனால் உலோகமும் எண்ணெயும் மாறினால் பழைய வரைபு உதவாது. வார்ப்பிரும்பு வேறு, மண்ணெண்ணெய் விட்டு வெட்டுகிற அலுமினியம் வேறு.

முறுக்கு கூடினால் கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியும். குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். டப் வெண்ணெயில் கத்தி போல இறங்கினால், துளை பெருத்துவிட்டதோ என்று பாருங்கள். எம் 10 என்றால் 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள மரை, பிட்ச் என்றால் அடுத்தடுத்த இரண்டு பற்களுக்கு இடையிலான தூரம். பிட்ச் 1.5 மில்லிமீற்றர் உள்ள எம் 10 மரைக்குத் துளை 8.5 மில்லிமீற்றர், விட்டத்தில் பிட்ச்சைக் கழித்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். அதில் மரைப் பல்லின் முழு உயரத்தில் ஏறக்குறைய 77 சதவீதம் கிடைக்கும். கைக்குக் கிடைத்தது என்று 9 மில்லிமீற்றர் துளையிடும் பிட்டைப் போட்டால் 51 சதவீதம்தான். சரி, முழு நூறுக்கும் வெட்டினால் என்ன? பலம் கொஞ்சம்தான் கூடும், டப் உடைகிற ஆபத்தோ நிறையக் கூடும்.

மரையைச் சோதிக்கும் கேஜ் போட்டுப் பார்த்தோமே, சரியாகத்தானே இருந்தது என்பார்கள். மரைக் கேஜின் ‘கோ’ பக்கம் முழுதும் போக வேண்டும், ‘நோ கோ’ பக்கம் இரண்டு சுற்றுக்கு மேல் போகக்கூடாது. 9 மில்லிமீற்றர் துளையில் வெட்டிய மரையும் இந்த இரண்டு சோதனையிலும் தேறிவிடும்! ‘நோ கோ’ பார்ப்பது மரையின் நடு விட்டத்தை. பற்கள் உச்சி இல்லாமல் குட்டையாக நிற்பது அதற்குத் தெரியாது.

கையால் கிரைண்டரில் சாணை பிடித்த பிட்டில் இந்த வில்லங்கம் அதிகம். ஒரு வெட்டுவாய் மற்றதைவிட நீண்டுவிட்டால், 8.5 என்று பொறித்த பிட்டே பெரிய துளை போடும். எனவே டப்பைத் தொடுமுன் துளையை அளந்துவிடுங்கள். இந்த எம் 10க்கு, உள் மரைக்கு வழக்கமாக அனுமதிக்கும் 6எச் என்ற அளவுத் தரத்தில், துளையின் மேல் எல்லை 8.676 மில்லிமீற்றர். அதைத் தாண்டியிருந்தால், சுற்றிலும் உலோகம் போதிய தடிப்பில் இருக்கிறதா என்று பார்த்து, 10.2 மில்லிமீற்றர் பிட்டால் துளைத்து எம் 12 போட்டுவிடுங்கள். போல்ட் ஊடுருவிப் போகும் எதிர்ப் பாகத்தின் துளையையும் பெருப்பிக்க மறக்க வேண்டாம்.