மஞ்சள் கறை படிந்த பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

எழுத்தாளர் தி. ஜானகிராமனைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கிட்டத்தட்டப் பத்து வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், 1954-இல் சென்னை வானொலியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்வி ஒலிபரப்புப் பிரிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்க வேண்டும். 1968-க்கு அப்புறம் தில்லியில், அதே துறையில், பெரிய பதவி. ஓய்வு பெறும் வரை வானொலிதான் அவருக்குச் சோறு போட்டது. மோகமுள், அம்மா வந்தாள், செம்பருத்தி, மரப்பசு என்ற நாவல்கள் எல்லாமே ஒரு மனிதர் ஆபீஸ் போய் வந்துகொண்டே எழுதியவை.

வானொலிக்காரர் என்பது அவருடைய எழுத்தில் தெரியும். ஒரு பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பேச்சாகவே இருக்கும். யார் பேசுகிறார்கள் என்று அவர் சொல்லவே மாட்டார்; நமக்குத் தெரிந்துவிடும். ஒரு கேள்விக்கு நேரான பதில் வராது, வேறு ஏதோ பதில் வரும், அந்த இடைவெளியில்தான் கதை இருக்கும். சங்கீதம் முறையாகக் கற்றவர் வேறு. சொல்லாமல் விட்ட இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற கணக்கு அவருக்குக் கைவந்திருந்தது.

பிறந்தது 1921-இல், மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில். கல்லூரிப் படிப்பு கும்பகோணத்தில். எங்கே வேலை பார்த்தாலும் மனசு காவேரிக் கரையை விட்டு நகரவில்லை. குடும்பம், காதல், வயசுப் பிள்ளைகளின் தவிப்பு, இதையேதான் நாற்பது வருஷம் எழுதினார். "திரும்பத் திரும்ப ஒரே கதையா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரே கதைதான் என்று நானும் சொல்வேன். ஆனால் அது என்ன கதை என்பதில்தான் எனக்கு வேறு அபிப்பிராயம்.

பொதுவாக அவரைக் காதலை எழுதியவர் என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அவருடைய பையன்கள் ஒரு பெண்ணைத் தெய்வம் மாதிரி வைத்துக் கும்பிடுகிறார்கள். அவள் தெய்வம் இல்லை, பசியும் ஆசையும் களைப்பும் உள்ள மனுஷி என்று தெரிகிற நாளில்தான் அவர்களுக்கு வயசு வருகிறது. மீசை முளைப்பதோ வேலை கிடைப்பதோ அவருடைய உலகத்தில் பெரிய விஷயமே இல்லை.

மோகமுள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் படிக்கிற பாபு, தன்னைவிடப் பத்து வயது பெரியவளான யமுனாவை மனசுக்குள் வைத்துப் பூஜை செய்கிறான். அவள் அம்மா மராட்டியக் குடும்பத்துப் பெண்மணி, அப்பாவுக்கு இரண்டாம் தாரம். அதனாலேயே யமுனாவுக்கு வருகிற வரன் எல்லாம் தட்டிப்போகிறது. இந்தப் பக்கம் ரங்கண்ணா என்ற பாட்டு வாத்தியார், பாபு கச்சேரி மேடைக்கு அவசரப்படக் கூடாது என்று கட்டிக் காக்கிறார். அடுத்த வீட்டில் கிழவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண் தங்கம்மா; அவள் கதை உயிர் போவதில் முடிகிறது. இத்தனைக்கும் நடுவில் யமுனா வருஷக்கணக்கில் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் வறுமை தின்று, உடம்பு வாடி, சென்னைக்கு அவனைத் தேடி வருகிறாள். கடைசியில் சம்மதிக்கிறாள். சம்மதித்த பிறகு, இத்தனை வருஷத் தவிப்பும் இதற்குத்தானா என்கிற மாதிரி அவள் கேட்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில் எத்தனையோ இளைஞர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே நடக்கப் போயிருப்பார்கள். நானும் போனேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பாபு யமுனாவைப் பார்த்து மலைத்து நிற்கிற பக்கங்களில் ஒரு முப்பதைக் குறைத்திருந்தால் யமுனாவுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். மரப்பசுவின் அம்மணி விஷயத்தில் இது இன்னும் மோசம். கல்யாணமே வேண்டாம், எல்லோரையும் தொட வேண்டும் என்று திரிகிற பெண். தைரியமான கற்பனைதான். ஆனாலும் அவள் பேசும்போது பின்னால் நின்று ஒரு ஆண் எடுத்துக் கொடுக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

செம்பருத்தியில் அந்தச் சத்தம் இல்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு படிக்க வேண்டிய நாவல் அது. சட்டநாதனுக்கு வாத்தியார் மகள் குஞ்சம்மா மேல் ஒரு கனிவு. அவளோ அவனுடைய அண்ணனுக்கே மனைவியாகி, சீக்கிரமே கைம்பெண்ணாகி, அதே குடும்பத்தில் அண்ணியாக வளைய வருகிறாள். சட்டநாதன் கட்டியது புவனாவை. முப்பது வருஷம் பொறுமையின் உருவமாக இருந்த புவனா, வயசாகும்போது சந்தேகமும் கோபமுமாக மாறுகிறாள். கல்யாணத்தோடு கதையை முடிக்கிற நாவலாசிரியர்கள் ஏராளம். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து அந்த வீட்டுச் சமையலறையில் என்ன பேச்சு நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

சிறுகதையிலும் இப்படித்தான். அவருக்கு 1979-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிக் கொடுத்தது நாவல் இல்லை, 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுதி. 'பாயசம்' என்று ஒரு கதை. சில வருஷத்துக்கு முன் படமாகக்கூட வந்தது. அண்ணன் பிள்ளை வீட்டுக் கல்யாணத்தில், அவன் செழிப்பைப் பார்த்து வயிறெரிகிற சித்தப்பா சாமநாது, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பாயச அண்டாவைக் கவிழ்த்துவிடுகிறார். கேட்டவர்களிடம் உள்ளே எலி விழுந்துவிட்டது என்கிறார். எல்லோரும் நம்புகிறார்கள், ஒருத்தியைத் தவிர. கணவனை இழந்து வீட்டோடு இருக்கிற அவருடைய மகள் அவரை ஒரு பார்வை பார்க்கிறாள். பெரியவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோகிற அதே கணம்தான் இங்கேயும்.

சரி, அம்மா வந்தாளுக்கு வருகிறேன். 1966-இல் வந்த நாவல். அப்பு காவேரிக் கரையில் பவானியம்மாள் நடத்துகிற பாடசாலையில் பதினாறு வருஷம் வேதம் படித்துவிட்டுச் சென்னைக்கு வீடு திரும்புகிறான். வீட்டுக்கு சிவசு என்று ஒருவர் உரிமையோடு வந்து போகிறார். அம்மா அலங்காரத்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அப்புவுக்கு மட்டும் அப்போதுதான் தெரிகிறது. தன்னை எதற்காக வேதம் படிக்க அனுப்பினாள் என்பதும் புரிகிறது: தன் பாவத்தைப் பிள்ளையின் வேதம் எரித்துவிடும் என்று அவள் நம்பியிருக்கிறாள். அவனோ பாடசாலைக்குத் திரும்பி, தன்னை நேசிக்கிற இளம் விதவை இந்துவின் பக்கம் போய்விடுகிறான். நீயும் அம்மா பிள்ளையாகவே ஆகிவிட்டாய் என்று அலங்காரம் காசிக்குக் கிளம்புகிறாள். மகனை அவள் ஏசவில்லை. தன்னை அவள் நியாயப்படுத்தவும் இல்லை. அந்தக் காலத்தில் இது கிளப்பிய கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்தப் புத்தகத்தைப் பத்தொன்பது வயதில் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். தினசரித்தாளில் அட்டை போட்டு, பாடப் புத்தகம் போல மேசையில் மற்றவற்றோடு அடுக்கி வைத்திருந்தேன். அம்மா கண்ணில் பட்டால் என்ன நினைப்பாள் என்ற பயம். எட்டாவது வரை படித்தவள், வீட்டில் அவள் கையில் நான் பார்த்ததெல்லாம் பஞ்சாங்கமும் பால் கணக்கு நோட்டும்தான்.

நாலாவது நாள் படிக்க எடுத்தபோது, நான் இன்னும் போய்ச் சேராத ஒரு பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை. கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. சமையலுக்கு நடுவில் கை துடைக்காமல் புரட்டியிருக்கிறாள். புரட்டிப் பார்த்தேன். எனக்கு முன்னால் முடித்தும் விட்டாள், கடைசிப் பக்கத்திலும் லேசாக ஒரு தீற்றல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் இருக்கும். கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"அந்த அலங்காரம் காசிக்குப் போயி என்னடா பண்ணியிருப்பா? ஊர் பேர் தெரியாத எடம். பாஷையும் தெரியாது. கையில காசு கொண்டு போனாளான்னு அந்த மனுஷன் எழுதவே இல்லையே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "எனக்குன்னா ராமேஸ்வரம் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மடலை உரித்தாள்.

நன்றி, வணக்கம்.