கரண்ட் திரும்பிப் போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். இன்றைய உரை பிரிட்ஜ், ஏசி, குளிர் அறை திருத்துகிற தம்பி தங்கைமாருக்கானது. வீட்டில் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களும் கேட்கலாம். முதலில் சொல்லப்போவது உங்களுக்கும் உரியது.

கரண்ட் எந்தக் கம்பியால் வருகிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். எந்த வழியால் திரும்பிப் போகிறது என்று பார்ப்பவர் குறைவு. எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். லைவால் வந்தது நியூற்றலால் திரும்பினால்தான் கொம்பிரசர் ஓடும். வேறு வழி கிடைத்தால் அதாலும் திரும்பும். அந்த வழி சிலவேளை உங்கள் உடம்பு. வியர்த்த கை, ஈரச் சீமெந்து நிலம், வெறுங்கால் என்றால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி அம்பியர். பத்துப் பதினைந்து மில்லி அம்பியரிலேயே பிடித்த கை விடாது.

"பிரிட்ஜைப் போட்டால் ட்ரிப் விழுகுது தம்பி, ஏதாவது செய்து விடுங்கோ" என்று வீட்டுக்காரர் கேட்பார். சிலர் செய்து விடுவது என்ன தெரியுமா? பிளக்கைத் திறந்து ஏர்த் வயரைக் கழற்றி விடுவார்கள். ட்ரிப் விழாது. வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். இந்தத் தொழிலில் இதைவிடக் கெட்ட வேலை வேறில்லை.

ட்ரிப் சுவிட்ச் செய்வது ஒரு கணக்கு. லைவால் போன கரண்டும் நியூற்றலால் திரும்பியதும் சமமா என்று பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுமுன்பே அனேகமாக வெட்டிவிடும். ஆகவே ட்ரிப் விழுந்தால் எங்கோ ஓரிடத்தில் கரண்ட் வழி தவறிப் போகிறது என்று பொருள். ஏர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்பதில்லை, அது திரும்பும் வழி மட்டும் அடைபடுகிறது. பிரிட்ஜின் உடல் லைவாகவே நிற்கும், யாராவது வந்து கதவைத் தொடும் வரை.

அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் ஓடினால் வெட்டுகிற சாதாரண பிறேக்கர் காப்பாற்றாதா என்று கேட்கலாம். இலங்கையில் வீட்டு ஏர்த் என்பது அனேகமாக அந்த வளவுக்குள் அடித்த ஏர்த் கம்பிதான். யாழ்ப்பாணத்தில் மேல்மண் கொஞ்சம், கீழே சுண்ணக்கல். ஆவணி வறட்சியில் அந்தக் கம்பியின் ஏர்த் தடை நன்றாக ஏறிவிடும். 50 ஓம் என்று வைத்தாலும், லைவ் நேரே உடலில் முட்டும்போது ஓடக்கூடியது 4.6 அம்பியர். 16 அம்பியர் பிறேக்கருக்கு அது ஒரு சாதாரணச் சுமை, அசையவே அசையாது. ட்ரிப் சுவிட்சுக்கோ 30 மில்லி அம்பியரே போதும். எங்கள் ஊர் நிலத்தில் உயிர் காப்பது ட்ரிப் சுவிட்சும் ஏர்த் வயரும் சேர்ந்துதான். ஒன்றைக் கழற்றினால் மற்றது அரைகுறை.

சரி, கசிவை எப்படிப் பிடிப்பது? பிளக்கை இழுத்துவிட்டு, இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகரால் ஒவ்வொரு பாகமாகப் பிரித்து அளக்க வேண்டும்: கொம்பிரசர், ஐஸை உருக்கும் டிபிறோஸ்ற் ஹீற்றர், பான் மோட்டார். எலெக்ரோனிக் போர்ட் இருந்தால் முதலில் அதன் இணைப்புகளைக் கழற்றுங்கள். மெகர் வோல்டேஜ் போர்டைத் தின்றுவிடும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் பாகத்தை விட்டுவைக்கக் கூடாது. நாளுக்கு இரண்டு மூன்று தரம், ஏறத்தாழ ஒரே இடைவெளியில் ட்ரிப் விழுகிறதென்றால் முதலில் டிபிறோஸ்ற் ஹீற்றரைச் சந்தேகியுங்கள். அதன் முனை றப்பர் வெடித்து ஈரம் புகுந்திருக்கும். சுவிட்ச் ஓஃபில் இருக்கும்போதும் விழுகிறதென்றால் நியூற்றல் எங்கோ உடலில் முட்டுகிறதா என்று பாருங்கள். சுவர் சுவிட்ச் நியூற்றலை வெட்டுவதில்லை.

மெகர் பற்றி ஒன்று. வக்யூம் இழுத்துக்கொண்டிருக்கும், அதாவது உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கும் கொம்பிரசருக்கு மெகர் போடவும் கூடாது, கரண்ட் கொடுக்கவும் கூடாது. ஆழ்ந்த வெற்றிடத்தில் மின்பொறி சுலபமாகப் பாயும். உள்ளே ரேர்மினலுக்கு ரேர்மினல், அதாவது வயர் பூட்டும் முனைக்கு முனை, பொறி பாய்ந்து மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங் போய்விடும்.

இனி, கரண்ட் இல்லை என்று உறுதிப்படுத்துவது. சுவர் சுவிட்ச் ஒற்றைக் கம்பியைத்தான் வெட்டும். பழைய வயரிங்கில் லைவும் நியூற்றலும் மாறிக் கிடந்தால், சுவிட்ச் வெட்டுவது நியூற்றலை. மெஷின் நின்றுவிடும். லைவுக்கும் நியூற்றலுக்கும் மீற்றர் வைத்தால் பூச்சியம் காட்டும். ஆனால் உள்ளே ஒவ்வொரு கம்பியும் ஏர்த்துக்கு 230 வோல்ட். அதனால் மூன்று அளவு கட்டாயம்: லைவ்–நியூற்றல், லைவ்–ஏர்த், நியூற்றல்–ஏர்த். அதற்கு முன் கரண்ட் உள்ள இன்னொரு பிளக்கில் மீற்றர் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அளந்த பிறகு திரும்பவும் அதே பிளக்கில் பாருங்கள். இடையில் மீற்றரின் வயர் அறுந்திருந்தாலும் பூச்சியம்தான் காட்டும் அல்லவா? நியோன் ரெஸ்ரரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். தடித்த செருப்போடு காய்ந்த நிலத்தில் நிற்கும்போது, அதுவும் பகல் வெயிலில், அது எரிகிறதா என்பதே தெரியாது.

பிளக் உள்ள மெஷின் என்றால் பிளக்கைக் கழற்றி உங்கள் கண்முன்னே வையுங்கள். நேரே வயரிங் என்றால் இரண்டு கம்பியையும் வெட்டும் ஐசொலேற்றரை ஓஃப் செய்து பூட்டுங்கள். கடையில் ஜெனரேற்றர் இருந்தால் மெயினிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சையும் பார்த்துவிட வேண்டும். கரண்ட் போனதும் கடைப் பையன் ஓடிப்போய்ப் போட்டுவிடுவான்.

இதெல்லாம் செய்த பிறகும், மின்னைச் சேர்த்து வைக்கும் கபாசிற்றர் இருக்கிறது. அதற்குத் திரும்பும் வழி தனக்குள்ளேயே இருப்பதால் மெயினை வெட்டியது அதற்குத் தெரியாது. 35 மைக்ரோ பரட் ரன் கபாசிற்றரில் 325 வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கலாம். ஸ்குறூ டிறைவரால் குறுக்கே வைத்து 'டப்' என்று வெடிக்க வைப்பது பார்ப்பவருக்கு வித்தை, ஆனால் கபாசிற்றரின் உள்தகடும் உங்கள் கண்ணும் அதற்கு விலை கொடுக்கலாம். 20 கிலோ ஓம், 5 வாற் றெசிஸ்ரர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் காப்பிட்ட கிளிப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் ஐந்து நொடி பிடித்தால் போதும். பிறகு டிசி வோல்ட்டில் அளந்து பாருங்கள். கொமன் (பொது முனை), ஹேர்ம் (கொம்பிரசருக்கானது), பான் என்று மூன்று முனை உள்ளதென்றால் கொமனிலிருந்து மற்ற இரண்டுக்கும் தனித்தனியே பிடிக்க வேண்டும். புதிது போடும்போது மைக்ரோ பரட் அதே அளவாக இருக்கட்டும். வோல்டேஜ் கூடலாம், குறையக் கூடாது.

இன்வேர்ற்றர் ஏசி இன்னும் பொல்லாதது. வெளி யூனிற் போர்டில் 310 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், கபாசிற்றரும் பல மடங்கு பெரிது. லேபிளில் எழுதிய நேரம், சில மெஷின்களில் பத்து நிமிடம், காத்திருந்து அளக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மீற்றரை ஏசியில் விட்டுவிட்டு அளந்தால் அனேகமான டிஜிற்றல் மீற்றர் பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டும். டிசிக்குத் திருப்பினால்தான் உண்மை வெளிவரும்.

கொம்பிரசர் வைண்டிங் அளப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண ஒற்றைப் பேஸ் கொம்பிரசரில் கொமன்–ரன் குறைவு, கொமன்–ஸ்ராற் அதைவிடக் கூட, ரன்–ஸ்ராற் அந்த இரண்டின் கூட்டுத்தொகை. 3, 5, 8 ஓம் வந்தால் வைண்டிங் அறுபடவில்லை. காஸ் அழுத்தம் உள்ளபோது ரேர்மினல் மூடியைத் திறந்து முனையில் அளக்காமல், வயரின் மறுமுனையில் அளப்பதே பாதுகாப்பு. அரித்துப்போன ரேர்மினல் பிய்ந்து பறந்தால் எண்ணெயும் காஸும் முகத்தில் அடிக்கும். அதே நேரம் பொறியும் பாய்ந்தால் தீப்பிடிக்கும்.

குருநகர், காரைநகர்ப் பக்கம் உப்புக் காற்று ரேர்மினல் ஸ்குறூவை அரிக்கும். அந்த இணைப்பில் அரை ஓம் தடை கூடினால், 8 அம்பியர் ஓடும்போது அங்கே 32 வாற் வெப்பம். சின்னச் சொல்டரிங் அயன் ஒன்று வயர் முனையில் எந்நேரமும் குத்திக்கொண்டிருப்பது போல. இன்சுலேஷன் கறுத்திருந்தால் ஸ்குறூவை இறுக்கினால் மட்டும் போதாது. கருகியதை வெட்டி, வயர் முனையில் போடும் புது லக் அழுத்திப் பூட்டுங்கள். கொம்பிரசருக்குக் கரண்டைப் போட்டு வெட்டும் கொன்ராக்டரின் வாயில் எறும்பு நசிந்து கிடப்பதையும், போர்டில் பல்லி கருகிக் கிடப்பதையும் அடிக்கடி காணலாம். வயர் நுழையும் துவாரத்தை அடைக்காமல் போர்டை மட்டும் மாற்றினால் அடுத்த பல்லி வரும்.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் தொட்டு இழுக்காமல் மெயினை வெட்டுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த தடியால் தள்ளுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தரம் அழுத்தத் தொடங்குங்கள். மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத் துடிப்பைப் பரிசோதிக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.