வாசலுக்கு வராத உதவி

வணக்கம் நேயர்களே.

கனடாவிலோ லண்டனிலோ பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு இல்லத்துக்கு மதியச் சாப்பாடு. அம்மாவின் திவசம் என்றால் இன்னொரு இல்லத்துக்கு. நல்ல வழக்கம்தான். முதியோர் இல்லத்துக்கு அது பொருந்தும். ஆனால், வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களும் பிள்ளைகளும் தங்கியிருக்கிற பாதுகாப்பு இல்லத்துக்கு அதே முறையில் உதவப் போனால் ஆபத்து வரும். சாப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. அதோடு கூட வருகிற கமராவில்தான் பிழை.

‘முகத்தை மறைத்துத்தானே படம் போட்டோம்’ என்பார்கள். முகத்தை மறைக்கலாம், கேற்றின் நிறத்தை மறைக்க மாட்டார்கள். கிணற்றுக்கட்டு, பின்னால் தெரியும் கோயில் கோபுரத்தின் நுனி, கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை, இவற்றில் ஒன்று போதும். இது சின்ன ஊர். படத்தைப் பார்த்த பத்துப் பேரில் ஒருவர், ‘இது எங்கட பெரியம்மா வீட்டு ஒழுங்கையெல்லோ’ என்று சொல்லிவிடுவார்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கு, முழுக் கட்டளை 12 மாதங்கள் வரைக்கும். பாதிக்கப்பட்டவள் தங்கியிருக்கும் இல்லத்துக்குள் வன்முறை செய்தவன் நுழையக் கூடாது என்றும் அதில் எழுதலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வெறியில் கேற்றை உதைக்கிறவனை அந்தக் கடதாசி தடுக்காது. முகவரி அவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் தடுக்கும்.

ஆகவே முதல் ஒழுங்கு இது: பொருள் போகட்டும், ஆள் போக வேண்டாம். இல்லத்தை நடத்தும் அமைப்பின் நகர அலுவலகத்திலோ, அவர்கள் சொல்லும் கடையிலோ ஒப்படையுங்கள். அங்கிருந்து அவர்களே எடுத்துச் செல்வார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் பற்றுச்சீட்டு இருக்கிறது, கணக்கறிக்கை இருக்கிறது. அரிசி மூடையைக் கடை வாசலில் வைத்துப் படமெடுத்து அனுப்பினாலும் குற்றமில்லை.

இனி, எதைக் கொடுப்பது? வருகிறவள் பெரும்பாலும் உடுத்த உடுப்போடும் இடுப்பில் பிள்ளையோடும் வருவாள். முதல் இரவுக்கான பை ஒன்று ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டு நைற்றி, புதிய உள்ளாடை மூன்று, துவாய், போர்வை, சவர்க்காரம், பிறஷ், பற்பசை, சீப்பு, சானிற்றரி நப்கின் இரண்டு பைக்கற்று, ஒரு சோடிச் செருப்பு. உள்ளாடையும் செருப்பும் ஒரே அளவில் ஐம்பது வாங்கிக் கொடுத்தால் பாதி அலுமாரியில் கிடக்கும். நடுத்தரம், பெரிது, மிகப் பெரிது என்று கலந்து வாங்குங்கள். பழைய சேலை வேண்டாம், அது ஏற்கெனவே மூடை மூடையாக இருக்கிறது. பழைய மெத்தை வேண்டவே வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒரு மெத்தையில் வந்தால் ஒரு மாதத்தில் எல்லா அறைக்கும் போய்விடும். குழந்தைப் பால்மாவையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்கிற பெண்ணின் கையில் ரின்னைத் திணித்தால் பால் வற்றத் தொடங்கும். குடும்பநல உத்தியோகத்தர் பார்த்துச் சொன்னால் மட்டும் அது.

சமையலறைக் கணக்கைச் சொல்லுகிறேன். பத்துப் பெண்களும் எட்டுப் பிள்ளைகளும் இருக்கிற வீடு என்று வையுங்கள். மதியச் சோற்றுக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, பிள்ளைக்கு 75. நாளுக்கு 1 கிலோ 850 கிராம், மாதத்துக்கு ஏறத்தாழ 55 கிலோ. 25 கிலோ மூடை இரண்டுக்குச் சற்று மேல். இந்த வீட்டுக்கு ஒருவர் ஒரே நாளில் பத்து மூடை கொண்டுவந்து இறக்கினால் நாலரை மாத அரிசி. மூன்றாம் மாதம் வண்டு பிடித்திருக்கும். இரவில் புட்டோ இடியப்பமோ என்றால் மாவும் ஏறத்தாழ அதே அளவு வேண்டும். அதுகூடச் சிலர் தருகிறார்கள். தேங்காயை ஒருவரும் நினைப்பதில்லை. சொதிக்கும் கறிக்கும் புட்டுக்கும் நாளுக்கு நாலு, மாதம் 120 தேங்காய். வளவில் தென்னை நிற்கிறவர்கள் ஆய்ச்சலுக்கு இருபது காய் கொடுத்தால் அது பெரிய உதவி.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். வலிகாமத்தில் தோட்டத்துப் பசளை கிணறுகளில் கலப்பதால் பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பு அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்கு அது கூடாது. வடிகட்டி வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் சாதாரண மெழுகுதிரி வடிகட்டி பயன்படாது, கரைந்த உப்பையும் மென்சவ்வால் பிரிக்கிற ஆர்.ஓ. வகை வேண்டும், வருடாவருடம் அதன் வடிப்பானை மாற்றுகிற செலவையும் சேர்த்துத்தான் அன்பளிப்பு.

பொருளைவிடக் காசு நல்லது. அதிலும் ஒரே தடவையில் ஐந்து லட்சம் தருவதைவிட மாதாமாதம் வருகிற சிறிய தொகை நல்லது. ஏனென்றால் இல்லத்தின் பெரிய செலவு ஆளுக்கான சம்பளம். இருபத்திநாலு மணி நேரமும் ஒருவர் விழித்திருக்க வேண்டுமென்றால் எட்டு மணி நேர வேலைமுறை நாளுக்கு மூன்று, கிழமைக்கு 21. ஒருவர் கிழமைக்கு ஆறு வேலைமுறை செய்தாலும் நாலு பேர் தேவை. கட்டடம் கட்டித்தாறம், பெயர்க்கல் பதியுங்கோ என்று வருகிறவர்கள் உண்டு. இரவுக் காவலாளியின் சம்பளத்துக்குப் பெயர்க்கல் பதிக்க முடியாது, அதனால் அந்தச் சம்பளத்தைத் தர ஆளில்லை. மாதம் 2,500 ரூபா தருகிற இருபது பேர் சேர்ந்தால் 50,000 ரூபா. வங்கியில் நிலையான கட்டளை எழுதிவிட்டால் உங்களுக்கு மறந்துபோகும், அவர்களுக்குத் தவறாமல் வரும். காசை அமைப்பின் பெயரிலுள்ள கணக்குக்கே போடுங்கள். நடத்துகிறவரின் சொந்தக் கணக்கு என்றால் வேண்டாம், வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு மாற்றுகிற உண்டியலில் அனுப்பவும் வேண்டாம். பதிவிலக்கத்தையும் கணக்காய்வு அறிக்கையையும் கேளுங்கள். நல்ல அமைப்பு அதற்குக் கோபிக்காது.

காசில்லாதவர்கள் நேரத்தைத் தரலாம். எந்த நேரம் மிகப் பெறுமதி என்றால், வழக்கு நாள். பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பம் போட்டு 14 நாட்களுக்குள் விசாரணை வரும். பிறகு தாபரிப்பு வழக்கு, அதாவது பராமரிப்புச் செலவு கேட்கும் வழக்கு, அதன் தவணைகள். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் வழக்கு நாளில் எத்தனை மணிக்கு எந்த வாசலில் வருவாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு நாள்தான் மறைவு உடைகிற நாள்.

அதனால் இரண்டு தொண்டர்கள் கூடப் போக வேண்டும். ஒருவர் அவளோடு இருப்பார், மற்றவர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். நேரத்தோடு போய் உள்ளே இருந்துவிட வேண்டும். வாசலில் நிற்பது கூடாது. அவனுடைய தாயும் சகோதரியும் அழுதுகொண்டு வந்து கையைப் பிடிப்பார்கள். அவள் கதைக்க விரும்பினால் கதைக்கட்டும். விரும்பாவிட்டால் தொண்டர் நடுவில் நிற்க வேண்டும், வாய்த்தர்க்கம் கூடாது. திரும்பும்போது நேரே இல்லத்துக்குப் போகக் கூடாது. பெரியாஸ்பத்திரிக்குள் ஒரு வாசலால் போய் இன்னொரு வாசலால் வந்து வேறு ஓட்டோ பிடிப்பது ஒரு வழி. ஒரே ஓட்டோக்காரரை எப்போதும் பிடிப்பதும் பிழை. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் ஸ்ராண்டில் மற்றவர்கள் கேட்பார்கள். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகளை இல்லத்தில் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அங்கே இருவராகவே இருங்கள். எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் தொண்டர் தனியே ஒரு பிள்ளையோடு அறைக்குள் இருப்பதில்லை.

தொண்டராகச் சேர விரும்புகிறவர்களிடம் கிராம அலுவலர் சான்றிதழும் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்பார்கள். குறைநினைக்காதீர்கள். கிழமையில் ஒரு நாள், அதே நாள், குறைந்தது மூன்று மாதம் வர முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். இரண்டு தரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறவரால் பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். உள்ளே போனபின் ‘என்ன நடந்தது’ என்று கேட்க வேண்டாம். பொலிஸுக்கு, வைத்தியருக்கு, சட்டத்தரணிக்கு, நீதிமன்றத்துக்கு என்று அவள் அதை நாலு தடவை சொல்லிவிட்டாள். ‘பிள்ளையளுக்காகப் பொறுத்துப் போ பிள்ளை’ என்ற புத்திமதியும் வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாள். ‘எங்கட வீட்டில வேலைக்கு ஒரு ஆள் வேணும்’ என்று அங்கே ஆள் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கைத்தொலைபேசி. சிம்மை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. கூகுள் கணக்கின் கடவுச்சொல் கணவனுக்குத் தெரிந்திருந்தால் போன் எங்கே இருக்கிறது என்று அவன் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிள்ளையின் ரப்லெற்றும் அப்படியே. ஆகவே இல்லத்துக்கு வருமுன்னரே போனை நிறுத்த வேண்டும். அழிப்பதற்கு முன்னர் மிரட்டல் செய்திகளையும் குரல் பதிவுகளையும் வேறிடத்தில் சேமிக்க வேண்டும், வழக்குக்கு அவை சான்று. நீங்கள் பழைய போன் கொடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள், அதன்பின் முழுமையாக அழியுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் அது மறுபடி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். சார்ஜரையும் மறக்க வேண்டாம்.

உதவி தேவைப்படுகிறவர்கள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையோ, பிள்ளைகள் தொடர்பாக 1929ஐயோ அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். வைத்தியசாலையில், வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவுகிற பிரிவான நட்பு நிலையம் எது என்று கேளுங்கள்.

கடைசியாக, கொடையாளர்கள் அநேகமாக மறந்துவிடுகிற நாள் ஒன்று உண்டு, அவள் இல்லத்தை விட்டுப் போகிற நாள். வாடகை வீடு தேட வேண்டும். தனியே இருக்கிற பெண் என்றால் ‘புருஷன் எங்கே’ என்று கேட்டுக் கதவை மூடுகிறார்கள். கொடுக்கச் சம்மதித்தாலும் முற்பணம் கேட்கிறார்கள். முற்பணம், காஸ் அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு பானை, பாய், வாளி, முதல் மாத அரிசி சாமான்: இந்தப் பட்டியல் ஒரு பிறந்தநாள் விருந்தின் செலவுக்குள் பெரும்பாலும் அடங்கும். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. நல்லூரிலும் சாவகச்சேரியிலும் வடமராட்சியிலும் உங்களுடைய வீடுகள் பூட்டிக் கிடந்து கறையான் அரிக்கின்றன. அதில் ஒரு அறையும் குசினியுமாக, நியாயமான வாடகைக்கு, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, திறப்பை அந்த அமைப்பிடம் கொடுங்கள். யார் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.