சிறுநீரிலிருந்து எடுத்த மருந்து மூளையைக் காப்பாற்றுமா?

வணக்கம் நண்பர்களே! சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஊக்கமருந்தாகப் போட்டுக்கொண்டதாக 2013-ல் ஒப்புக்கொண்டாரே, ஈபிஓ, அதே ஊசியைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஏன்?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் ரத்தக்குழாயில் புடைத்திருந்த இடம் வெடிக்கிறது, மருத்துவர்கள் அடைத்துவிடுகிறார்கள், ஆள் பிழைத்துவிட்டார் என்று வீட்டில் நிம்மதியாகும் நேரத்தில், மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கி இரண்டு வாரம் வரை தமனிகள் இறுகிச் சுருங்கலாம். அதுதான் வாசோஸ்பாசம். ரத்தம் எட்டாத மூளைப்பகுதி செத்துப்போகும். வழக்கமான மருந்து நிமோடிபின், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். ஈபிஓ என்கிற எரித்ரோபொயட்டின் நம் சிறுநீரகம் சுரக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி, சிவப்பணு உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவது. சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் 1950-களிலிருந்தே இதைத் தனியாகப் பிரிக்கப் பாடுபட்டார், கைக்கு வரவில்லை. மஜ்ஜை செயலிழந்து ரத்தசோகை வந்தவர்கள் உடம்பு ஈபிஓவை அளவில்லாமல் சுரக்கும், அது சிறுநீரிலும் போகும். ஜப்பானில் தகாஜி மியாகே என்ற ஆய்வாளர் அப்படிப்பட்ட நோயாளிகளின் சிறுநீரைச் சேர்த்தார், கொஞ்சநஞ்சமல்ல, 2,550 லிட்டர்! அதை வற்றவைத்துப் பொடியாக்கி, பட்டுத்துணியில் சுற்றி, சிகாகோவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தனையிலிருந்தும் 1977-ல் கிடைத்த தூய ஈபிஓ சில மில்லிகிராம்தான். இன்று டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடும் ஊசிக்கு வழி திறந்தது அந்த மூட்டை!

அப்புறம் கேம்பிரிட்ஜ். 2009-ல் வெளியான ஆய்வு, 80 நோயாளிகள். ஈபிஓ போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே, தமனிச் சுருக்கம் வந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. ஆனால் ஈபிஓ போட்டதில் கடுமையான சுருக்கம் 27.5 சதவீதத்திலிருந்து 7.5 ஆனது, அதன்பின் மூளையில் புதுச் சேதத்தோடு பாதிப்பு வந்தவர்கள் 40-லிருந்து வெறும் 7.5! க்ளாசோசென்டன் என்ற மருந்து இதற்கு நேர் எதிர்: குழாயை விரித்தது, ஆனால் 2011-ல் வந்த பெரிய ஆய்வில் நோயாளிகளின் நிலை தேறவில்லை. அதனால் குழாயின் அகலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது, மூளைத் திசுவையே காக்கும் வளர்ச்சிக் காரணிகளை விடாமல் ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

அதற்காக அவசரப்படவும் கூடாது. ஈபிஓ ரத்தத்தைக் கெட்டியாக்கும், உறையவைக்கலாம். அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு ஜெர்மனியில் கொடுத்துப் பார்த்தபோது, அதே 2009-ல், ஈபிஓ பெற்றவர்களில் இறப்பு 16.4 சதவீதம், பெறாதவர்களில் 9. 80 பேர் ஆய்வை நம்பி யாரும் இதைக் கேட்டு வாங்காதீர்கள்.

நரம்பியல் ஐசியூவில் வேலை பார்ப்பவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? நிமோடிபின் கொடுக்கும்போது பிரஷர் இறங்கினால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.