பெயர் போன பிறகும் ஓடும் ஆட்டம்

நண்பர்களே, கார்டுகளைச் சேர்த்துச் சொந்தக் கட்டு அமைத்து ஆடும் ஆட்டங்கள் பிரபலமான பெயரால்தான் ஓடுகின்றன என்கிறார்கள். போகிமான் கார்டு விற்க, அந்தக் கார்ட்டூனில் வரும் பிக்காச்சுவின் முகம் ஒன்றே போதும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து வாங்கியவர் பல வருடம் கழித்தும் மேசையில் வந்து உட்காருகிறாரே, அது எதனால்?

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் உருவாக்கிய ‘மேஜிக்’ என்ற கார்டு ஆட்டம் வெளிவந்தபோது அதற்குத் துணையாகச் சினிமாவும் இல்லை, டிவி தொடரும் இல்லை. சாதாரணச் சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டு. இதில் ஆளுக்கொரு கட்டு, அதையும் அவரவரே சேர்க்க வேண்டும். குறைந்தது 60 கார்டு. மந்திரக் கார்டைப் போடச் சக்தி தரும் அடிப்படை நிலக் கார்டைத் தவிர, ஒரே கார்டு நான்குக்கு மேல் கூடாது. எதை வைப்பது, எதை விடுவது என்று ராத்திரி தனியாக உட்கார்ந்து மண்டையை உடைக்கிறோமே, அங்கேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. நிலம் வராவிட்டால் கையில் எவ்வளவு நல்ல மந்திரம் இருந்தும் போட முடியாது. இதைத் திட்டாத ஆட்டக்காரர் கிடையாது! ஆனால் அந்த அதிர்ஷ்டம்தான் புதியவருக்கும் அவ்வப்போது ஒரு வெற்றியைத் தருகிறது. தோற்றவரும் ‘இரண்டு கார்டை மாற்றினால் போதும்’ என்று மறுபடி கட்டைப் பிரிக்கிறார்.

இப்படித் திரும்பத் திரும்ப வருவதற்கு அரிய கார்டின் விலைதான் காரணம் என்பார்கள். அது சேகரிப்பவர் கணக்கு; பெட்டியில் பூட்டி வைத்த கார்டு ஆடப்படுவதில்லை.

சரி, பெயர் மட்டும் போதுமா? ‘ஸ்டார் வார்ஸ்’ சினிமாவை விடப் பெரிய பெயர் வேண்டுமா? டெசிஃபர் நிறுவனம் 1995-இல் அந்தப் பெயரில் கார்டு ஆட்டம் கொண்டுவந்தது. 2001-இன் முடிவில் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் போனது, கடையில் புதிய கார்டு நின்றது. பெயர்தான் எல்லாம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முடியவில்லை; ஆட்டக்காரர்களே குழு அமைத்துப் புதிய கார்டுகளை வடிவமைத்தார்கள்.

‘நெட்ரன்னர்’ என்ற கார்டு ஆட்டம் இன்னும் நல்ல உதாரணம். இதுவும் கார்ஃபீல்டு செய்ததுதான், 1996-இல். ஒருவர் பெருநிறுவனம், மற்றவர் அதன் கணினிக்குள் நுழையும் ஹேக்கர். நிறுவனக்காரர் கார்டைக் கவிழ்த்து வைப்பார். பொறியா, பொக்கிஷமா என்று எதிராளி அவர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். முதல் தடவை ஆட்டம் நின்றுபோனது. 2012-இல் வேறொரு நிறுவனம் புதுப்பித்தது. இவ்வகை ஆட்டங்களில் வழக்கமாக விற்கும், உள்ளே என்ன என்று தெரியாத பாக்கெட்டுகூட அப்போது கிடையாது, எல்லோருக்கும் அதே கார்டுகள். 2018-இல் அதுவும் நின்றது. அப்புறம் ரசிகர்களே அமைப்பு தொடங்கிப் புதுக் கார்டுகள் வெளியிட்டார்கள். வாங்க வசதியில்லாதவர் இலவசமாகத் தரவிறக்கி, அச்சடித்து, கத்தரித்து ஆடலாம்.