தடிகாரனுக்கு அரை நாழிகை

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் ஆலய நிர்வாகத்தினரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதை ஏறக்குறைய அப்படியே எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, டத்தோ அவர்களே, ஆலய நிர்வாகங்களின் தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, தலைமையாசிரியை அவர்களே, மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டிவந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

டத்தோ அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லாமல் என்னால் தொடர முடியாது. மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு என்று நான் கேட்டபோது, "அதைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள், பேச்சைத் தயார் செய்யுங்கள்" என்றார். மகளிர் பிரிவுச் சகோதரிகள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து நமக்கெல்லாம் பசியாற இட்லி ஊற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள்.

என் பாட்டி அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார். குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை. குயவன் ஆறு மாதம் பாடுபட்டு வனைந்து சுட்டு அடுக்கிய பானைகளை, தடி ஒன்றைக் கையில் எடுத்தவன் அரை நாழிகையில் நொறுக்கிவிட்டுப் போய்விடுவான். அரை நாழிகை என்றால் பன்னிரண்டு நிமிடம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்.

இன்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். ஒன்று சட்டம், இரண்டு சுண்ணாம்பு, மூன்று நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பத்திரங்கள்.

கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங்கில் போக் ஹவுஸ் என்றொரு மாளிகை இருந்தது. 1929இல் கட்டியது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15இல் போக் ஹவுஸ் தரைமட்டமானது. சட்டம் பிறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. 1895இல் கட்டி முடித்த புடு சிறையின் மதிலை 2010 ஜூன் 21ஆம் தேதி இரவில் இடித்தார்கள். இன்று அங்கே பேரங்காடி.

நம் ஊர் மட்டும் என்ன? நார்தம் சாலையில் இருந்த மெட்ரோபோல் ஹோட்டலை 1993இல் கிறிஸ்துமஸ் நாளில் இடித்தார்கள், அலுவலகமெல்லாம் பூட்டிக்கிடந்த நாளில். 2008இல் ஜார்ஜ் டவுனுக்கு உலக மரபுடைமை நகரம் என்ற யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. சுற்று வளையத்தையும் சேர்த்தால் 259 எக்டர், அவ்வளவுதான். கோட்டுக்கு வெளியே இருந்த ரன்னிமீட் கட்டடங்கள் 2016இல் போயின. மாடு கட்டிப் பால் கறந்து நம் வீடுகளுக்கெல்லாம் ஊற்றிய குடும்பங்களின் கம்போங் புவா பாலா 2009இல் போனது. கடாரம் கடாரம் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அந்தக் கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பதினோராம் எண் சண்டி, அதாவது பழங்கோயிலின் எச்சம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அழிந்தது. 2013இல் செய்தி வெளியே வந்தபோது அங்கே பார்க்க எதுவும் மிச்சமில்லை.

சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கட்டடத்துக்கு வயது இருந்தால் மட்டும் போதாது, பதிவேட்டில் அதன் பெயர் ஏற வேண்டும். மற்றதை மாண்புமிகு அவர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். நான் சுண்ணாம்புக்கு வருகிறேன்.

என் அப்பா அச்சகம் வைத்திருந்தார். சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், முன்னால் அஞ்சடி என்கிற கூரையிட்ட நடைபாதை, உள்ளே அச்சு இயந்திரம், நடுவில் வானம் தெரியும் முற்றம், மாடியில் நாங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களில் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் நகரத்துக்குள் குடியிருக்க முடிந்தது.

1984இல் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. சுவரெல்லாம் பொரிந்திருக்கிறதே, கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, பழைய பூச்சைக் கொத்திவிட்டு நல்ல சிமெண்டாகப் பூசச் சொன்னார். மேலே பளபளவென்று எண்ணெய்ப் பெயிண்ட். ஆறு மாதம் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் தொட்டால் உள்ளே உப்பு, வெள்ளை வெளேரென்று.

அந்தத் தை மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை. ஐந்நூறு அடித்துக் கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தோம். காலையில் பெண்ணின் தகப்பனார் வந்து நிற்கிறார். அப்பா கட்டைத் தூக்குகிறார், அடிக்கட்டு முழுவதும் மஞ்சள் கறை. பிள்ளையார் சுழிக்கு மேலேயே ஈரம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சகுனம் சரியில்லையோ" என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் அப்பா இடிந்துபோனார். அன்று இரவெல்லாம் எழுத்துக் கோத்து, நானும் அண்ணனும் தாள் எடுத்துக் கொடுக்க, ஐந்நூறையும் மறுபடி அடித்தார். காசு வாங்கவில்லை.

மறுநாள் தேநீர் குடிக்க வந்த ஒரு பெரியவர், ராமநாதபுரத்துப் பக்கத்துக் கொத்தனார், சுவரை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "தம்பி, செவுரு மூச்சு விடணும். இதோட வாயிலயும் மூக்குலயும் சிமெண்டை அடைச்சிட்டீங்க" என்றார். பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, அதிலிருக்கும் உப்பு செங்கலுக்குள் பூத்து, கல்லைத் தின்றுவிடும். அவர் சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது மூன்று செங்கற்களைக் கரண்டியால் அள்ளலாம் போல் இருந்தது. மாவு.

ஈப்போவிலிருந்து சுண்ணாம்பு வரவழைத்தார். முற்றத்தில் டிரம்மை வைத்துத் தண்ணீரில் கொட்டினார். அடுப்பே இல்லாமல் கொதித்தது. பிள்ளைகள் நாங்கள் மாடிப்படியில் நின்று பார்த்தோம். பிறகு மூடி வைத்துவிட்டு, ஆறு வாரம் யாரும் கிட்டே போகக் கூடாது என்றார். அம்மா நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி ஊறவைத்தார், வெல்லம் கரைத்துக் கொடுத்தார். வீடு முழுக்கப் பாகு காய்ச்சுகிற வாசனை. அந்தப் பூச்சு அதன் பிறகு பதினைந்து ஆண்டு ஒரு கொப்புளம் காட்டவில்லை.

2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. வாடகை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. காலி செய்தோம், கட்டடம் கைமாறியது. பின்கட்டை இடித்த அன்று நான் எதிர் அஞ்சடியில் நின்றேன். இயந்திரத்தின் கை மேலே போனதும் கடிகாரத்தைப் பார்த்தேன். முற்றத்துச் சுவர் விழுந்து தூசி அடங்கியபோது மறுபடியும் பார்த்தேன். தம்பிமார்களே, எத்தனை நிமிடம்? ஆம், பன்னிரண்டுகூட ஆகவில்லை. குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை. அண்ணனும் நானும் உயரம் அளந்து பென்சிலால் கோடு போட்ட சுவர் அது.

மேம்பாட்டாளர்களைத்தான் இதுவரை சொன்னேன். இப்போது நம்மைச் சொல்லப் போகிறேன். நிர்வாகத் தலைவர்கள் உரிமையோடு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கோயில். பெயர் சொல்ல மாட்டேன். கும்பாபிஷேகத் திருப்பணி என்று சொன்னார்கள். திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் நடந்த மறுநாளே இயந்திரம் வந்துவிட்டது. வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த முனீஸ்வரன், சுண்ணாம்புச் சுதையில் கைவேலையாகச் செய்தது, மாலைக்குள் ரோரோ என்கிற பெரிய குப்பைத் தொட்டியில் கிடந்தது. தொட்டியில் ஏறி ஒன்றை எடுத்து வந்தேன். இதோ இந்த மேசையில் இருக்கிறது, அரிவாள் பிடித்த கை. மூன்று விரல்தான் மிச்சம். உடைந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள். மேலே நீலம், கீழே பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், ஆக அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. எட்டுப் பூச்சு எண்ணினேன். ஒவ்வொரு பூச்சும் ஒரு திருவிழாவுக்கோ திருப்பணிக்கோ நம் முன்னோர் கொடுத்த காணிக்கை. அந்த இடத்தில் இன்று கான்கிரீட்டில் அச்சுவார்த்த முனீஸ்வரன் இருக்கிறார். சாமியை நான் குறை சொல்லவில்லை. எட்டுப் பூச்சுக் காணிக்கையைக் குப்பையில் கொட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கிறேன்.

1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை, இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் உழைப்பில்தான் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது, அரசு போற்றுகிறது. நம் கையால் நமக்காகக் கட்டியதை மட்டும் நாமே இடிக்கிறோம்.

ஆகவே நிர்வாகங்களிடம் என் கோரிக்கை இது. பாலாலயத்துக்கு முன் மூன்று மாதம் கொடுங்கள். ஒவ்வொரு சுதையையும் தூணையும் படம் எடுங்கள், அளவெடுங்கள். விரிசல் என்றால் முதலில் சுண்ணாம்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பிறகு குத்தகையாளரைக் கூப்பிடலாம். இந்த உறுதிமொழித் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. மாண்புமிகு அவர்களும் டத்தோ அவர்களும் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேடைக்கே வந்தார்கள்.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், நேரமாகிவிட்டது என்று. பத்திரங்களைப் பற்றிய மூன்றாவது செய்தி இன்னொரு நாளைக்கு. அதுவரை எதையும் எரித்துவிடாதீர்கள்.

சுண்ணாம்பு தெரிந்தவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மண்டபத்துக்குப் பின்னால் நீல டிரம் ஒன்று வைத்திருக்கிறோம். நீற்றிய சுண்ணாம்பு, இன்றோடு ஐந்தாவது வாரம். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திறக்கிறோம். எழுபது வயதைத் தாண்டிய இரண்டு கொத்தனார்கள் சொல்லித்தர வருகிறார்கள். இளைஞர்களுக்குக் கட்டணம் கிடையாது. பழைய சட்டையும் கையுறையும் கொண்டுவாருங்கள், கரண்டி நாங்கள் தருகிறோம். தேநீர் குடித்துவிட்டு இன்றே போய்ப் பாருங்கள், ஆனால் மூடியைத் திறக்காதீர்கள், கை வெந்துவிடும். வணக்கம்.