கூடூர்ச் சுரங்கத்துக் காக்காப்பொன்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையிலிருந்து விஜயவாடா பக்கம் ரயிலில் போனவர்களுக்குக் கூடூர் சந்திப்பு தெரிந்திருக்கும். அங்கே இறங்கி சைதாபுரம், ராப்பூர் பக்கம் போனால் பழைய மைக்கா சுரங்கங்கள் இருக்கின்றன. குழிகளை ஒட்டிய கழிவு மேடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். நாம் காக்காப்பொன் என்கிறோமே, அதுதான். நிலவியலில் மஸ்கோவைட்.

பழுதான இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பி சுற்றியிருக்கும் பளபளப்பான தகடு இதுவே. சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது.

ஆற்று மணலில்கூட மைக்கா மின்னுகிறது. அதைப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்லயும் சுரங்கம் வைக்கலாமா சார்?” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. மின்னுவது போதாது, ஐயா. தகடு பெரிதாக வேண்டும். அதற்குப் பாறைக்குழம்பில் தண்ணீர் வேண்டும்.

பூமிக்கு அடியில் குழம்பின் பெரும்பகுதி இறுகியபின், கடைசியில் மிஞ்சுவதில் நீர்ச்சத்து ஏராளம். அது சுற்றுப்பாறையின் வெடிப்புகளில் புகுந்து ஆறுகிறது. நீர் மிகுந்த குழம்பில் படிகங்கள் சில இடங்களில் மட்டுமே முளைக்கும்; முளைத்தவை தடையில்லாமல் வளரும். இப்படி உருவாகும் பாறைக்குப் பெக்மடைட் என்று பெயர். நெல்லூர்ப் பகுதியின் இனிகுர்த்தி சுரங்கத்தில் 10 அடிக்கு 15 அடி அளவில் ஒரே மைக்காப் படிகம் கிடைத்தது. ஒற்றைப் படிகம், நேயர்களே! ஒரு வீட்டின் அறை அளவு! மறுபடியும் சொல்கிறேன், அத்தனைக்கும் காரணம் அந்தத் தண்ணீர்தான்.

தகடு உரிப்பதைக் கூடூரில் ஓர் அம்மாவிடம் பார்த்தேன். கட்டியின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்து, மெல்லத் திருப்பினார். சத்தமே இல்லாமல் ஏடு பிரிந்தது. அதை மறுபடி இரண்டாக்கினார், மறுபடி இரண்டாக்கினார். கடைசி ஏட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது லேசான பச்சை. நெல்லூர் மைக்காவுக்கே உரிய நிறம். ஜார்க்கண்டின் கோடர்மா பக்கத்துச் சரக்கு செம்மை ஓடியிருக்கும்.

மொட்டை ஊசியை அப்படி ஒரு ஏட்டின்மேல் நிறுத்தி, தலையில் சுருக்கென்று ஒரு தட்டுத் தட்டுங்கள். ஊசி பட்ட இடத்திலிருந்து ஆறு கதிர்களோடு ஒரு விரிசல் நட்சத்திரம் விழும். உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கைத்தான் அந்த ஆறு கதிர்களும் காட்டுகின்றன. எந்தக் கருவியும் தேவையில்லை. இதைப் பார்த்து வியக்காத மாணவரை நான் கண்டதில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. தொழிலாளர் நலத்தை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். மைக்காவோடு கிடக்கும் குவார்ட்ஸைத் துளையிடும்போது கிளம்பும் தூசி நுரையீரலை இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய் வந்தபின் குணப்படுத்த வழியில்லை. துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி பெருமளவு அடங்கும். எந்தச் சுரங்கத்திலும் அதை விட்டுவிடக் கூடாது. நன்றி, வணக்கம்.